பாட்டுக்கு மாசச் சந்தாவா, பாட்டுப் பெட்டியா? நம்ம திருநவேலிப் பக்கத்துக்கு எது சரிவரும்

பாட்டு கேக்கதுக்கு மாசாமாசம் துட்டு கெட்டுத ஆப் எடுக்கலாமா, இல்ல ஒரே தடவையா ஒரு பிளேயர வாங்கி மெமரி கார்டுல பாட்ட ஏத்தி வச்சிக்கிடலாமான்னு எங்க சொந்தத்துலயும் கூட வேல பாக்குத ஆளுகள்லயும் கேட்டுக்கிட்டே இருக்காவ. நெட்டுல தேடுனா வாற ஒப்பீடு எல்லாம் பெங்களூர்ல மெட்ரோல போயிட்டு வாற ஆளுக்கு எழுதுனதாத்தான் இருக்கு, எந்த ஆப்ல எத்தன கோடி பாட்டு கெடக்கு எதுல பிளேலிஸ்ட் நல்லா போட்டுத் தருதுன்னு அதுலயே முடிஞ்சிரும். நம்ம பக்கத்துல கேள்வியே வேற. காரையாறுக்குப் போயிட்டா சிக்னல நம்ப முடியாது. பீடி சுத்துத கையால போன தொட முடியாது. கோயில் கொடைல (ஊர்த் திருவிழால) விடிய விடிய பாடுன வில்லுப்பாட்ட எந்த ஆப்ல போயி தேடுவிய? ஆச்சிக்கு டச் ஸ்கிரீன் ஆவாது, திருகுத பட்டன் வேணும். இத எல்லாம் வச்சிப் பாத்துத்தான் எழுதுதேன், அதனால சென்னைல இருக்கவங்களுக்கு இதுல பாதி பொருந்தாம போவலாம்.

என் முடிவ முதல்லயே சொல்லிருதேன். சந்தா ஒண்ணு வச்சிக்கிடுங்க, ஆனா அத மட்டும் நம்பி இருக்காதீங்க. சந்தாங்கிறது வாடகை வீடு, துட்டு கெட்டுத வரைக்கும் இருக்கலாம், வீட்டுக்காரர் காலி பண்ணச் சொன்னா எறங்கித்தான் ஆவணும். நம்மளுக்கு விடவே முடியாத பாட்டுன்னு ஒரு ஆயிரம் ரெண்டாயிரம் இருக்கும்லா, அது நம்ம சொந்தக் கைல ஒரு கார்டுல இருக்கணும்.

இத பயமுறுத்ததுக்காகச் சொல்லல, ஏற்கனவே நடந்திருக்கு. ஸ்பாட்டிஃபை இந்தியாவுக்கு வந்தது 2019 பிப்ரவரில. பழைய எச்எம்வி பாட்டு எல்லாம் சரிகம கம்பெனி கைலதான் இருக்கு, நம்ம அப்பா தாத்தா காலத்துப் பாட்டுல பெரும்பங்கு அங்கதான் கெடக்கு. ரெண்டு பேருக்கும் ஒப்பந்தம் சரியா அமையாம விசயம் டெல்லி ஐகோர்ட்டு வரைக்கும் போயி அந்த ஏப்ரல்லயே சரிகம பாட்டு எல்லாத்தையும் ஆப்ல இருந்து எடுத்துட்டாங்க, திரும்ப வந்தது 2020 ஜூன்லதான். ஒரு வருசத்துக்கு மேல. ரிசோன்னு ஒரு ஆப் 2020ல இங்க வந்துச்சி, 2024 ஜனவரியோட கடைய கெட்டிட்டுப் போயிருச்சி. ஏர்டெல்லோட விங்க் 2014ல இருந்து ஓடுனது, அதயும் 2024ல மூடுனாங்க. கானா 2010ல இருந்து சும்மா கேக்க விட்டுக்கிட்டு இருந்தாங்க, 2022ல துட்டு கெட்டுனாத்தான்னு மாத்திட்டாங்க. இதுல யாரயும் குத்தம் சொல்லதுக்கு இல்ல, அவங்க யாவாரம் அப்படி. ஆனா ஆப் போவும்போது நாம வருசக்கணக்கா பாத்துப் பாத்துச் சேத்த பிளேலிஸ்டும் கூடவே போவுது பாத்தீங்களா, அதுதான் எனக்கு மனசு ஆறல. எந்தப் பாட்டுக்குப் பொறவு எந்தப் பாட்டு வரணும்னு ஒருத்தர் வருசக்கணக்கா யோசிச்சி அடுக்குனது ஒரு நோட்டீஸோட அழிஞ்சி போவக் கூடாது.

அதுக்காக சந்தாவே வேண்டாம்னு சொல்லுத ஆளு நான் இல்ல. அதுல இருக்க ருசி வேற எதுலயும் கெடையாது. செங்கோட்டை பாசஞ்சர்ல போறப்ப சேரன்மாதேவி தாண்டுன ஒடனே காருகுறிச்சி ஸ்டேசன் வரும். அந்த ஊர்ப் பேரப் பாத்ததும் காருகுறிச்சி அருணாசலத்தோட நாயனத்தக் கேக்கணும்னு தோணும்லா, ஒரு நிமிசத்துல எடுத்துரலாம். 1921ல பொறந்து 1964லயே போயிட்ட மனுசன், 43 வயசு கூட நெறஞ்சிருக்காது, அவர் வாசிச்சது இன்னைக்கு நம்ம சட்டைப் பைல கெடக்குன்னா அது சின்ன காரியமா? அவரக் கேட்டா அப்படியே அவர் குரு ராஜரத்தினம் பிள்ளைக்குப் போவலாம், அங்கன இருந்து தவில்காரங்க ஒவ்வொருத்தரா தேடிக்கிட்டே போவலாம். முந்தி இப்படி ஒரு கேசட்டத் தேடி ஜங்சன்லயும் டவுன்லயும் கட கடயா ஏறி எறங்குனாலும் கெடைக்குமா கெடைக்காதான்னு சொல்ல முடியாது. புதுசா ஒண்ணத் தேடிப் பிடிக்கணும்னா கார்டால முடியாது, சந்தாதான்.

தேடுததுலயும் ஒரு சங்கடம் இருக்கு. தமிழ்ப் பாட்டு எல்லாத்தயும் இங்கிலீஸ் எழுத்துல அடிச்சி வச்சிருக்காங்க, ஒரே பேர நாலு விதமா. காருகுறிச்சிய காரைக்குறிச்சின்னு அடிச்சிருந்தா நாம எப்படித் தேடுனாலும் அகப்படாது. இன்னொண்ணு, பழைய படப்பாட்டத் தேடுனா மொதல்ல வாறது யாரோ பின்னால ஸ்டூடியோவுல திரும்பப் பாடுனதா இருக்கும், படத்துல வந்த அசல் எங்கயோ அடில கெடக்கும். ஆல்பம் பேரும் வருசமும் பாத்து எடுக்கணும். எந்த ஆப் எடுத்தாலும் துட்டு கெட்டுததுக்கு முன்னால ஒரு சாயங்காலம் உக்காந்து உங்களுக்குப் பிடிச்ச பாட்டு ஒரு முப்பத தேடிப் பாருங்க, எத்தன அசல் கெடைக்குதுன்னு எண்ணுங்க. கோடிக்கணக்கா பாட்டு இருக்குங்கிற விளம்பரத்த விட அந்த முப்பதுதான் உங்களுக்கு முக்கியம்.

இப்ப டேட்டா கணக்கு. ரொம்பப் பேரு பாட்டு கேட்டா நெட்டு தீந்து போவும்னு இன்னமும் பயப்படுதாங்க. 2016 செப்டம்பர்ல ஜியோ வந்ததுக்கு முன்னால அது சரிதான், இப்ப அந்தக் கவல வேண்டாம். நல்ல தரம்னு சொல்லுத 320 கேபிபிஎஸ்ல (நொடிக்கு 320 கிலோபிட்) கேட்டா ஒரு மணி நேரத்துக்கு 144 எம்.பி. ஆவும். தெனம் 1.5 ஜிபி வாற பிளான் போட்டிருந்தாக் கூட பத்து மணி நேரம் ஓடும். 96 கேபிபிஎஸ்ல வச்சா மணிக்கு 43 எம்.பி.தான். ஆக டேட்டா பத்தும், சிக்னல்தான் பத்தாது. பாபநாசம் மலை ஏற ஏற கோடு ஒவ்வொண்ணா கொறஞ்சிரும், ஆடி அமாவாசைக்கு சொரிமுத்து ஐயனார் கோயில்ல குடிசை போட்டுத் தங்குத நாள்ல போனு வெறும் டார்ச் லைட்டுதான். மாஞ்சோலைப் பக்கமும் அப்படித்தான். (அது புலிகள் காப்பகம், அங்கன ஸ்பீக்கர்ல போட்டு அலற விடாதீங்க, காதுல மாட்டிக் கேளுங்க.) செங்கோட்டை தாண்டி புனலூர் போற ரயில்ல பகவதிபுரத்துக்கு அங்கிட்டு குகைக்குள்ள நொழஞ்சா பாட்டு பாதிலயே நிக்கும், அந்த மழையும் காடும் பாத்துக்கிட்டு பாட்டு இல்லாம போறது எம்புட்டு நட்டம்.

ஆப்புக்காரங்க இதுக்குத்தான் டவுன்லோட் வச்சிருக்காங்களேன்னு கேப்பீங்க. இருக்கு, நல்ல வசதிதான், நானும் மலைக்குப் போறதுக்கு மொத நாளு எறக்கி வச்சிக்கிடுவேன். ஆனா அந்த எறக்குன பாட்டு பூட்டுன பாட்டு. அந்த ஆப்புக்குள்ளதான் பாடும், எடுத்து கார்டுல போட்டு கார் செட்டுல கேக்க முடியாது. ஸ்பாட்டிஃபைல 30 நாளைக்கு ஒரு தடவையாவது நெட்டுல வந்து முகத்தக் காட்டணும், இல்லன்னா எறக்குனது ஓடாது. சந்தா நின்ன அன்னைக்கு எல்லாம் நின்னுரும். ஒரு கருவிக்கு 10,000 பாட்டு வரைக்கும் எறக்கலாம்னு அளவு வச்சிருக்காங்க, அது நம்மள மாதிரி ஆளுக்கு தாராளம்.

எந்த ஆப்புன்னு கேட்டா, நான் ரொம்ப நேரம் இதுல நிக்கப் போறதில்ல, ஏன்னா விலையும் பிளானும் வருசா வருசம் மாறுது. தனி ஆளுக்கு மாசம் நூறுல இருந்து இருநூறு ரூவாய்க்குள்ளதான் பெரும்பாலும் நிக்கி. படப்பாட்டு மட்டும் போதும்னா ஜியோசாவன் நல்லாவே சமாளிக்கும். புதுசு புதுசா நம்ம ரசனை பாத்து எடுத்துக் குடுக்கதுல ஸ்பாட்டிஃபை கெட்டி. ஐபோன் வச்சிருந்தா ஆப்பிள் மியூசிக், அது 2021 ஜூன்ல இருந்தே கூடுதல் துட்டு இல்லாம லாஸ்லெஸ் (தரம் கொறயாம சுருக்குன பாட்டு) குடுக்கு. ஸ்பாட்டிஃபை 2025 செப்டம்பர்லதான் அதக் கொண்டு வந்துச்சி, எந்த பிளான்ல வருதுன்னு பாத்துக் கெட்டுங்க. என்னக் கேட்டா நம்ம பக்கத்து ஆளுக்கு யூடியூப் மியூசிக்தான் மொதல்ல பாக்கணும். ஏன்னா நம்ம ஊரு கொட வீடியோ, நையாண்டி மேளம், கணியான் கூத்து இதெல்லாம் கம்பெனி ஆல்பமா வாறது அபூர்வம், யாராவது எடுத்து யூடியூப்ல போட்டாத்தான் உண்டு. சும்மா யூடியூப்ல கேட்டா ஸ்கிரீன அணைச்ச ஒடனே பாட்டு நின்னுரும், பிரீமியம் எடுத்தா ஸ்கிரீன அணைச்சிட்டும் கேக்கலாம். யூடியூப் பிரீமியத்துக்குள்ளயே மியூசிக்கும் அடக்கம், தனி மியூசிக்க விட கொஞ்சம் கூட ஆவும், வீட்டுல வீடியோ பாக்க ஆளு இருந்தா அதுதான் லாபம்.

சரி, பிளேயர் பக்கம் வருவோம். 1979ல சோனி வாக்மேன் வந்தப்ப ஆரம்பிச்ச கத, 2001ல ஐபாட் வந்து 2022 மே மாசத்தோட ஆப்பிள் அத நிறுத்திட்டாங்க. அதோட பிளேயருங்கிற சாதனமே செத்துப் போச்சின்னு நெனைக்காங்க, அப்படி இல்ல. சோனி இன்னமும் வாக்மேன் பேருல ஆண்ட்ராய்டு பிளேயர் விக்காங்க, சீனால ஃபியோ, ஷான்லிங், ஹைபின்னு கம்பெனிக நெறய மாடல் போடுதாங்க. சின்னதுல இருந்து ஒரு பைக்கு விலை வரைக்கும் இருக்கு. ஆண்ட்ராய்டு போட்ட மாடல்ல சந்தா ஆப்பயும் ஏத்திக்கிடலாம், ஆனா சிம் கெடையாது, வைஃபை இருக்க எடத்துல எறக்கிட்டுத்தான் வெளிய போவணும்.

இந்த விலை கூடுன பிளேயர வாங்கணும்னு ஆசப்படுதவங்க ஒண்ணு மட்டும் கேட்டுக்கிடுங்க. நீங்க காதுல மாட்டுதது ப்ளூடூத் இயர்பட்ஸுன்னா அத வாங்காதீங்க, துட்டு வீணு. டிஜிட்டல சத்தமா மாத்துத நல்ல சர்க்யூட் அந்தப் பிளேயருக்குள்ள இருக்கு, அதுக்குத்தான் அந்த விலையே. ப்ளூடூத்ல கேட்டா அந்த வேலய காதுல இருக்க சின்ன பட்ஸு தானே பாத்துக்கிடும், பிளேயருக்குள்ள இருக்கது சும்மா கெடக்கும். வயர் வச்ச நல்ல ஹெட்போன் உங்ககிட்ட இருந்தாத்தான் அதுல அர்த்தம். அப்பவும் மொதல்ல செய்ய வேண்டியது, போன்ல சொருகுத சின்ன யூஎஸ்பி டாங்கிள் ஒண்ண ஆயிரம் ரூவா அளவுல வாங்கிக் கேட்டுப் பாக்கதுதான். நெறய பேருக்கு அதுக்கு மேல தேவையே வராது.

லாஸ்லெஸ், ஹைரெஸ்ஸு (சிடிய விடக் கூடுன தரம்)ன்னு விளம்பரத்துல அடிக்குதாங்களே அதப் பத்தியும் சொல்லிருதேன், ஏன்னா இதுல நம்மாளுங்க துட்டு விடுதாங்க. சிடில இருக்கது 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ், நொடிக்கு 1411 கிலோபிட். மனுசக் காது கேக்குதது கூடுனா 20 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும், வயசு ஆவ ஆவ அதுவும் கொறயும். சிடி அளவே 22 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும் பிடிச்சிரும். அதுக்கு மேல 24 பிட் 192 கிலோஹெர்ட்ஸுன்னு போறது ரெக்கார்டிங் பண்ணுதவங்களுக்கு வேணும், கேக்குதவங்களுக்கு அம்புட்டு வித்தியாசம் தெரியாது. அதுவும் நாம விரும்பிக் கேக்கது அறுபதுகள்ல ஒத்த மைக்குல மோனோவுல எடுத்த நாயனம். அந்த நாடால இல்லாத விவரத்த எந்த ஹைரெஸ்ஸும் உண்டாக்கித் தராது. அதுக்கு ஒழுங்கா டிஜிட்டல் பண்ணுன ஒரு 256 இல்லன்னா 320 எம்பி3யே நெறவா இருக்கும். நான் காத வச்சி வித்தியாசத்த உணருதது தவில்லதான், 128 கேபிபிஎஸ்ல எறக்குன பாட்டுல தவிலு அடி மொன மழுங்கி, ஜால்ரா சலசலன்னு தண்ணிக்குள்ள கேக்க மாதிரி வரும். அதனால 128க்கு எறங்காதீங்க, 320க்கு மேல ஏறணும்னு கட்டாயமும் இல்ல. கச்சேரி கேக்கவங்க ஒண்ணப் பாத்துக்கிடுங்க, ஆலாபனை ஒரு டிராக்காவும் கீர்த்தனை அடுத்த டிராக்காவும் பிரிச்சிருப்பாங்க, கொறஞ்ச விலை பிளேயர்ல நடுவுல ஒரு அர நொடி வெட்டிட்டுத்தான் அடுத்தது வரும். அது மனச அறுத்துரும். எடைவெளி இல்லாம ஓடுமான்னு கேட்டு வாங்குங்க.

இனிமேத்தான் எனக்கு ரொம்பப் பிடிச்ச வழி. வீட்டுல பழைய ஆண்ட்ராய்டு போன் ஒண்ணு மேசைக்குள்ள கெடக்கும்லா, மெமரி கார்டு போடுத எடமும் ஹெட்போன் ஓட்டையும் இருக்க மாடல். அதுல சிம்ம எடுத்துட்டு, தேவையில்லாத ஆப் எல்லாம் அழிச்சிட்டு, விஎல்சி மாதிரி ஒரு பிளேயர் ஆப் மட்டும் வச்சி, ஏரோபிளேன் மோடுல போட்டுட்டா நாள் பூரா பாடுத பிளேயர் ஒண்ணு சும்மாவே கெடைச்சிரும். போன் வாறதும் மெசேஜ் வாறதும் இல்ல, பாட்டுக்கு மட்டும்னு ஒரு சாதனம் இருந்தா கேக்குத நிதானமே தனி. பேட்டரி மட்டும் உப்பியிருக்கான்னு பாத்துக்கிடுங்க, பின் மூடி தூக்கிக்கிட்டு இருந்தா அத சார்ஜ் போடாதீங்க, தள்ளி வச்சிருங்க.

பீடி சுத்துதவங்களுக்கு இது ஆவாது. முக்கூடல், கடையம், மேலப்பாளையம் பக்கம் எல்லாம் மடில சொளவு (முறம்) வச்சிக்கிட்டு ஆயிரம் பீடிக்கு உக்காந்தா எந்திரிக்க நேரம் இருக்காது, கை முழுக்கத் தூளு. எங்க மதினி போன்ல சும்மா ஓடுத ஆப்லதான் பாட்டு போட்டு வச்சிருப்பா, “தம்பி, நல்ல பாட்டுக்கு நடுவுல ஒருத்தன் வந்து கடன் வேணுமா கடன் வேணுமாங்கான், அத அமத்த எந்திரிச்சா சொளவு சரியுது, என்ன செய்யன்னு பாரு”ன்னு சொன்னா. அவளுக்கு வேண்டியது கார்டு போடுத ஸ்பீக்கர் ரேடியோ, பெரிய பட்டன், கைமுட்டியால கூட அமுக்கலாம், விளம்பரம் கெடையாது. வாங்கிக் குடுத்தாச்சி, கார்டுல நானூறு பாட்டு. அதுல எஃப்எம்மும் இருக்கதால பகல்ல ரேடியோ, சாயங்காலம் கார்டுன்னு வச்சிக்கிட்டா. இம்மாதிரி வேலக்கு சந்தாங்கிற பேச்சே எடுக்க வேண்டாம்.

ஆச்சிமாருக்கும் தாத்தாமாருக்கும்னு பாத்தா 2017ல சரிகம கொண்டு வந்த கார்வான் மாதிரி செட்டு நல்லதுதான், தமிழ்ப் பாட்டு உள்ளயே பதிச்சி வரும், பாடகர் பேரத் திருப்பி வச்சா அவர் பாட்டே வரும். உள்ள இருக்க பாட்ட மாத்த முடியாது, ஆனா யூஎஸ்பி சொருகி நம்ம பாட்டயும் போடலாம். மாசத் துட்டு கெடையாது, நெட்டு வேண்டாம், பாட்டு எல்லாம் உரிமையோட வாறது. எடுக்கதுக்கு முன்னால ஒண்ணு கேட்டுக்கிடுங்க, இந்த மாதிரி செட்டு பலதுல எஃப்எம் மட்டும்தான் இருக்கும், மீடியம் வேவ் இருக்காது. காலம் பூரா திருநெல்வேலி வானொலியயும் இலங்கை வானொலியயும் மீடியம் வேவ்ல திருப்பித் திருப்பிக் கேட்ட காதுக்கு அந்த முள்ளு இல்லாதது ஒரு கொறயாத்தான் இருக்கும். அப்படி ஆளுக்கு நல்ல ரேடியோ ஒண்ணும் கார்டு ஸ்பீக்கர் ஒண்ணும் தனித்தனியா வாங்கிக் குடுக்கதே மேலு.

கார்டுல பாட்டு எங்கன இருந்து வரும்? இதுதான் பிளேயர் பக்கத்துல பெரிய முடிச்சு. செல்போன் கடைல நூறு ரூவா குடுத்தா ஆயிரம் பாட்டு ஏத்தித் தாரேம்பாங்க. அது ஒண்ணும் உரிமை வாங்கி ஏத்துதது இல்ல, பாடுனவருக்கோ இசை போட்டவருக்கோ பைசா போவாது, தரமும் படு மோசமா இருக்கும், ஒரே பாட்டு மூணு தடவ இருக்கும். எனக்கு அந்த வழி வேண்டாம். வீட்டுல பழைய சிடி கெடந்தா யூஎஸ்பி சிடி டிரைவ் ஒண்ண வாங்கி கம்ப்யூட்டர்ல ஃப்ளாக்கா எடுத்துக்கிடுங்க, அது 2001ல வந்த முறை, தரம் ஒரு துளி கொறயாது. ஆப்பிளோட ஐடியூன்ஸ் கடை 2012 டிசம்பர்ல இருந்து இந்தியாவுல இருக்கு, ஒவ்வொரு பாட்டா வெல குடுத்து வாங்கலாம், 256 கேபிபிஎஸ்ல பூட்டு இல்லாம வரும், கார்டுல போட்டுக்கிடலாம். எல்லாப் பாட்டும் கெடைக்காதுதான். மாசம் நாலஞ்சு பாட்டுன்னு வாங்குனாலும் ஒரு சில வருசத்துல நம்ம உசுருக்கு நெருக்கமான பாட்டு முக்காவாசி சேந்துரும்.

ஆனா எந்தக் கடைலயும் கெடைக்காதது ஒண்ணு இருக்கு, அதுக்காகத்தான் நான் கார்டு கார்டுன்னு அடிச்சிக்கிடுதேன். வில்லுப்பாட்டு சுப்பு ஆறுமுகம் ஐயா நம்ம சத்திரப்புதுக்குளத்துக்காரர், 2021ல பத்மஸ்ரீ குடுத்தாங்க, 2022ல காலமாயிட்டார். அவர் பாடுனது தேடுனா கெடைக்கும். ஆனா உங்க ஊரு அம்மன் கோயில் கொடைல போன வருசம் பாடுன புலவர், சொடலமாடன் கதய மகுடம்ங்கிற மேளத்தோட விடிய விடிய சொன்ன கணியான் கூத்து அண்ணாவி (தலைமைப் பாட்டுக்காரர்), அவங்க பாடுனத எந்த கம்பெனி பதிஞ்சி வச்சிருக்கு? ஒவ்வொரு ஊருக்கும் அந்தச் சாமி கத கொஞ்சம் மாறும், அந்த அண்ணாவியோட அது போயிரும். அவங்க சம்மதம் கேட்டு, சன்மானத்தோட ரெக்கார்டும் பண்ணிக்கிடுதோம்னு சொல்லி, போன ஸ்பீக்கர் குழாய்க்கு நேரா வைக்காம கொஞ்சம் தள்ளி பாட்டுக்காரங்களப் பாத்து வச்சி எடுங்க. உடுக்கயும் மகுடமும் கிட்ட வச்சா சத்தம் ஒடஞ்சிரும். போன்ல இருக்க குரல் ரெக்கார்டர் பேச்சுக்குன்னு சுருக்கிப் பதியும், செட்டிங்ஸ்ல போயி சுருக்காத வேவ் (WAV) இல்லன்னா கூடுன தரம்னு மாத்திக்கிடுங்க. அது உங்க கார்டுல இருந்தாத்தான் உங்க ஊருக்கு இருக்கும்.

கார்டு வேலைல தெரிஞ்சிக்கிட வேண்டியது சிலது. ரோட்டுல கொறஞ்ச விலைக்கு விக்க பெரிய கார்டு பாதிக்குப் போலி, மேல 128 ஜிபின்னு போட்டிருக்கும் உள்ள எட்டு கூட தேறாது, எட்டு நெறஞ்ச பொறவு போட்டது எல்லாம் காணாமப் போவும். வாங்குன அன்னைக்கே முழுசா நெரப்பி கடைசிப் பாட்டு வரைக்கும் ஓடுதான்னு பாத்துருங்க. பழைய ஸ்பீக்கரும் கார் செட்டும் ஃபேட்32ங்கிற முறைல ஃபார்மேட் பண்ணுன கார்டத்தான் படிக்கும், அதனால 32 ஜிபி வாங்குததே நிம்மதி. அஞ்சு நிமிசப் பாட்டு 320ல 12 எம்.பி., ஆக 32 ஜிபிக்குள்ள ரெண்டாயிரத்து அறுநூறு பாட்டு போவும், ஆருக்கு இதுக்கு மேல வேணும். விலை கொறஞ்ச பிளேயர் பாட்ட பேரு வரிசைல பாடாது, நீங்க எந்த வரிசைல காப்பி பண்ணுனீங்களோ அந்த வரிசைலதான் பாடும், அதனால மொத்தமா இழுத்துப் போடாம மொத பாட்டுல இருந்து ஒவ்வொண்ணா வரிசையா ஏத்துங்க. தமிழ்ல பேரு வச்சா சிலதுல கட்டம் கட்டமாத் தெரியும், நம்பர் போட்டு இங்கிலீஸ் எழுத்துலயே வச்சிருங்க. முக்கியமா, கார்டு சாவும், சொல்லாமச் சாவும். எல்லாத்தயும் கம்ப்யூட்டர்லயோ இன்னொரு கார்டுலயோ ஒரு காப்பி எடுத்து அக்கா வீட்டுலயோ தம்பி வீட்டுலயோ வைங்க.

சந்தாவ எப்படி மலிவாக்கலாம்னா, வீட்டுல நாலு பேரு இருந்தா தனித்தனியா கெட்டாம குடும்பப் பிளான் எடுங்க, ஆப்பிள், யூடியூப் ரெண்டுலயும் ஆறு பேரு வரைக்கும் சேரலாம், ஸ்பாட்டிஃபைல எத்தன பேரு சேரலாம்னு பாத்துக் கெட்டுங்க. பாளையங்கோட்டைல காலேஜ் படிக்குத பிள்ளைக இருந்தா மாணவர் பிளான் பாதி விலை அளவுக்கு வரும், காலேஜ்ல படிக்கதுக்கு ஆதாரம் காட்டணும். வளைகுடால இருக்க அண்ணன் தம்பிய உங்க குடும்பப் பிளான்ல சேத்துரலாம்னு நெனைக்காதீங்க, ஸ்பாட்டிஃபைல எல்லாரும் ஒரே வீட்டு முகவரில இருக்கணும்னு சட்டம் வச்சிருக்காங்க. இங்க எடுத்த துட்டு கெட்டுத கணக்கு வெளிநாட்டுலயும் ஓடும், சும்மா கேக்குத கணக்குன்னா 14 நாளைக்கு மேல இன்னொரு நாட்டுல ஓடாது. நாடு மாறுனா சில பாட்டு அங்கன கெடைக்காமலும் போவும், உரிமை நாட்டுக்கு நாடு தனி. அதனால விமானம் ஏறுததுக்கு முன்னால அவங்க கைல பிளானக் குடுக்கதோட ஊரு கொட ரெக்கார்டு போட்ட கார்டு ஒண்ணயும் குடுத்து அனுப்புங்க, பழைய போன் ஒண்ணும் கூட வச்சி.